வெயிலுக்கு மார்க் கிடையாது

திங்கட்கிழமை காலைகளில் திருப்பதிக்குப் பல் தேய்க்கிற வேலை ஒழுங்காக நடப்பதில்லை. வாயில் நுரையோடு போனையே பார்த்துக்கொண்டு நிற்பார். தீப்பெட்டி உற்பத்தியாளர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் பசுமை மதிப்பெண் வந்து விழுவது அந்த நேரத்தில்தான். கோவில்பட்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிற தீப்பெட்டித் தொழிற்சாலைகள், ஊர்ப்பேச்சில் தீப்பெட்டி ஆபீஸ்கள், போன வாரம் பூமித்தாய்க்கு எவ்வளவு நல்லது செய்தன என்று ஆளாளுக்கு நூற்றுக்கு இத்தனை என்று போட்டிருக்கும். தேறினவர் பெயர் பச்சையில், தேறாதவர் பெயர் சிவப்பில்.

“முப்பத்தொண்ணு” என்றார் திருப்பதி, நுரையைத் துப்பிவிட்டு.

“எது, சுகரா?” என்று அடுக்களையிலிருந்து கேட்டாள் பொன்மணி.

“சுகரு முப்பத்தொண்ணுன்னா நான் நின்னுக்கிட்டா இருப்பேன்? பசுமை மார்க்கு. செவப்புல கெடக்கோம்.”

“சோலைராஜ் அண்ணனுக்கு எவ்வளவாம்?”

அவர் பயந்த கேள்வி அதுதான். அந்தப் பெயருக்கு நேராக எழுபத்தெட்டு என்று இலைப்பச்சையில் மின்னிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாரோ கைதட்டுகிற பொம்மை வேறு போட்டிருந்தார்கள். திருப்பதியும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கைதட்டல் போட்டார். போடாவிட்டால் பொறாமை என்று நினைப்பார்கள்.

சோலைராஜும் அவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஒரே வருஷத்தில் தொழிலுக்கு வந்தவர்கள். முதலில் கார் வாங்கியது யார், மகள் கல்யாணத்துக்கு எந்த மண்டபம், அதில் எத்தனை பந்தி என்று ஊர்க்காரர்கள் இருவரையும் தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தட்டு பெரும்பாலும் திருப்பதி பக்கம்தான் தாழும். சோலைராஜ் வடக்கே லாரியில் தீப்பெட்டி அனுப்புகிறவர். திருப்பதி கப்பலில் அனுப்புகிறவர். அப்படியிருக்க, பூமித்தாய் மட்டும் சோலைராஜ் பக்கம் சாய்ந்துவிட்டாள்.

இந்த மார்க் எங்கிருந்து வந்தது என்றால், அந்தக் கப்பலில்தான் வந்தது. மெழுகுவத்தியும் கணப்பு அடுப்பும் ஏற்றுவதற்கென்று சாண் நீளக் குச்சிகளை ஐரோப்பாவில் ஒரு கம்பெனி திருப்பதியிடம் வாங்கிக்கொண்டிருந்தது. இனிமேல் சரக்கோடு கூட, சுற்றுச்சூழலைக் கெடுக்கவில்லை என்பதற்கு டிஜிட்டல் ஆதாரமும் வேண்டும் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். கொளுத்துவதற்கென்றே செய்கிற பொருள். ஆனால் செய்கிற இடத்தில் எதுவும் எரியக்கூடாது என்பது அவர்கள் கொள்கை.

உடனே சங்கத்தலைவர் ஜெயபாண்டி ஒரு கூட்டம் போட்டார். பெங்களூரிலிருந்து ‘பசுமைக்கண்’ என்ற கம்பெனிக்காரர்கள் வந்து திரை கட்டிப் படம் காட்டினார்கள். டிஜிட்டல் இல்லாமல் நிலைத்தன்மை இல்லை என்றார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். தட்டி முடித்த பிறகுதான் பக்கத்து நாற்காலிக்காரர் திருப்பதியின் காதருகே குனிந்தார்.

“நிலைத்தன்மைன்னா என்ன அண்ணாச்சி?”

“தொழிலு நிலைச்சு நிக்கதைத்தான் சொல்லுதாவ. லைட்டரு வந்து நம்மளை அடிச்சுக்கிட்டுப் போகுதுல்லா, அதுக்கு ஏதோ வழி வச்சிருக்காவ போல.”

“அப்ப நல்லதுதான்” என்று அவர் இன்னொரு தரம் தட்டினார்.

சங்கத்து உறுப்பினர் எல்லோருக்கும் முதல் வருஷம் இலவசம் என்றதும், ஏற்றுமதி செய்கிறவர் செய்யாதவர் எல்லோரும் சேர்ந்துவிட்டார்கள். சோலைராஜும் அப்படிச் சேர்ந்தவர்தான்.

பசுமைக்கண் கம்பெனியின் தென்மாவட்டப் பொறுப்பாளராக எட்வர்ட் வந்தான். தூத்துக்குடிக்காரன், சட்டைப்பையில் இலைப் படம், கையில் பலகை மாதிரி ஒரு கம்ப்யூட்டர். மரியாதையான பையன். திருப்பதியின் எட்டயபுரம் ரோட்டு ஆபீஸை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, பின்பக்கம் களத்துக்கு வந்து நின்றான். சிமெண்டுத் தளம் முழுக்க வெள்ளை வெளேரென்று குச்சி பரந்து கிடந்தது. அதற்கு அப்பால் வேலியைத் தாண்டினால் பாளம் பாளமாக வெடித்த கரிசல் காடு. இடையில் தடுக்க ஒரு மரம் மட்டை கிடையாது.

“இது என்ன அண்ணாச்சி?”

“குச்சி காயுது.”

“எதுல காயுது?”

திருப்பதி அண்ணாந்து பார்த்தார். கண் கூசியது. “வெயில்லதான் தம்பி.”

எட்வர்ட் பலகையில் விரலை மேலும் கீழும் இழுத்தான். முகம் வாடிவிட்டது.

“வெயிலுக்குக் கட்டம் இல்லையே அண்ணாச்சி. கரண்டு, டீசல், கேஸ், விறகு, சோலார் பேனல். இதுல ஒண்ணைத்தான் அமுக்க முடியும்.”

“அப்ப சோலாரை அமுக்குங்க.”

“அமுக்குனா பேனல் நம்பர் கேக்குது.”

“அதே சூரியன்தானப்பா?”

“அதே சூரியன்தான். ஆனா பேனல் வழியா வந்தாத்தான் அது எரிசக்தி. நேரா வந்தா வெறும் வெயிலு.”

அத்தோடு முடியவில்லை. போன வருஷத்தைவிட மின்சாரத்தை எவ்வளவு குறைத்திருக்கிறீர்கள் என்று அடுத்த கட்டம் கேட்டது. ஆபீஸில் ஓடுவது சில மின்விசிறிகள், பெட்டி ஒட்டுகிற மெஷின், டியூப்லைட். இதில் எதைக் குறைப்பது?

“அதான் அண்ணாச்சி சிக்கலு” என்றான் எட்வர்ட், உண்மையான வருத்தத்தோடு. “முன்னாடியே கம்மியா செலவழிச்சவங்களால குறைச்சுக் காட்ட முடியாது. ரெண்டு வருஷம் நல்லா இழுத்து விட்டுட்டு, இப்பக் குறைச்சிருந்தீங்கன்னா மார்க்கு அள்ளியிருக்கலாம்.”

உற்பத்தி எவ்வளவு என்று கேட்கவும் ஒரு கட்டம் இருந்தது. அதன் பக்கத்தில் ‘விருப்பமிருந்தால்’ என்று போட்டிருந்தது. சங்கத்தில் ஒருவருக்கும் அந்த விருப்பம் இருக்கவில்லை. அதில் எழுதுவது எந்த வயர் வழியாகப் போனாலும் கடைசியில் ஜிஎஸ்டி ஆபீஸில்தான் போய் இறங்கும் என்று எல்லோரும் உறுதியாக நம்பினார்கள். எட்வர்டும் இதற்குள் பழகிவிட்டான். அந்தக் கட்டம் வந்ததும் கேட்காமலே தாண்டிப் போனான்.

கடைசியாகப் புகைக் கருவி. குச்சி முனையை மருந்தில் முக்குகிற அறைக்குள் செல்போனே கொண்டுபோகக் கூடாது, பொறி பறந்தால் எல்லோரும் சேர்ந்து பறக்க வேண்டியதுதான். அதனால் புகை உண்டாகக்கூடிய இடத்தை விட்டுவிட்டு, பாதுகாப்பாக முதலாளி அறையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அதை மாட்டினார்கள். மறுநாள் காலையில் திருப்பதி சூடம் காட்டி முடிப்பதற்குள் பெங்களூரிலிருந்து ஒரு பெண் பதறிப்போய் போன் செய்தாள்: “சார், உங்க ஆலையில தீ!” அன்றிலிருந்து அவர் சாமி கும்பிடுவதை வாசலுக்கு மாற்றிக்கொண்டார். மார்க்குக்காக அவர் விட்டுக்கொடுத்த முதல் விஷயம் அதுதான்.

இரண்டாவது விஷயம் களம்.

பேனல் போட்டே தீர்வது என்று திருப்பதி முடிவெடுத்தபோது, அதை எங்கே போடுவது என்ற கேள்வி வந்தது. ஷெட்டுக் கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ்; காக்காய் உட்கார்ந்தாலே முனகும். மிச்சமிருந்தது களம்தான். இரும்புத் தூண் நட்டு, ஆள் நடமாடுகிற உயரத்துக்கு மேலே, களத்தை மூடி வரிசை வரிசையாகப் பேனல் வந்தது. தலைவர் ஜெயபாண்டி ரிப்பன் வெட்டினார். பொன்மணி பட்டுப்புடவையில் நின்று போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தாள். அடுத்த திங்கட்கிழமை மார்க் ஐம்பத்தெட்டு. திருப்பதி அன்று நன்றாகப் பல் தேய்த்தார்.

அந்தச் சந்தோஷம் அதிக நாள் நிற்கவில்லை. களத்து வேலையைப் பார்க்கிற முத்துசெல்வி கைநிறையக் குச்சியை அள்ளிக்கொண்டு அறைக்கு வந்தாள்.

“மொதலாளி, எல்லாம் நமுத்துக் கெடக்கு.”

“ஏன், நல்லாத்தான வெயிலு அடிக்கு?”

“மேல அடிக்கு. கீழ வரல.”

திருப்பதி போய்ப் பார்த்தார். பேனல் வரிசைகளுக்கு நடுவே பாவாடை நாடா மாதிரி ஒல்லியாக வெயில் விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் குச்சியை அந்த நாடாவுக்கு இழுத்து வைப்பதும், அது நகர நகரப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு போவதுமாக இருந்தார்கள்.

எட்வர்டிடம் இதற்கும் பதில் இருந்தது. ஸ்மார்ட் டிரையர் என்று ஒன்று இருக்கிறது, பேனல் கரண்டில் ஓடும், குச்சியின் ஈரத்தைத் தானே பார்த்துத் தானே நின்றுகொள்ளும், பெங்களூரிலிருந்தே பார்க்கலாம். திருப்பதி இதை வீட்டில் வந்து விளக்கியபோது பொன்மணி தோசையைத் திருப்பாமல் நின்று கேட்டாள்.

“அதாவது, வெயிலை மேலயே மறிச்சு, கரண்டாக்கி, வயரு வழியா உள்ள கொண்டுபோயி, திரும்பச் சூடாக்கிக் குச்சிக்குக் காட்டப்போறீய.”

“உனக்கு டெக்னாலஜி தெரியாது.”

“தெரியாதுதான். சோலைராஜ் அண்ணனும் இதைத்தான் வச்சிருக்காவளா?”

“வச்சிருக்காம எழுபத்தெட்டு எப்படி வரும்?”

அந்தப் பேச்சு அவளுக்கும் நியாயமாகப் பட்டது. தோசை கருகிவிட்டது. டிரையர் வந்த அன்றைக்கு அதையும் ஸ்டேட்டஸில் வைத்தாள், ஓரத்தில் ஒரு துளிர் இலை போட்டு.

மார்க் எழுபத்துநாலுக்கு ஏறியது. பேனல் வந்ததில் யாரும் எதிர்பாராத நன்மை ஒன்றும் நடந்தது. சோறு சாப்பிட இடமில்லாமல் ஷெட்டுச் சுவரோரம் ஒண்டிக்கொண்டிருந்த பெண்கள், மத்தியானம் களத்துக்கு வந்து பேனல் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். காற்றும் வந்தது. எட்வர்ட் வந்திருந்தபோது திருப்பதி இதற்கு ஏதும் மார்க் உண்டா என்று கேட்டார். அவன் தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்றான்.

ஆனால் அதே திங்கட்கிழமையில் சோலைராஜ் எண்பத்தொன்றுக்குப் போய்விட்டார்.

அந்த நாட்களில்தான் சுஜா என்று ஒரு பெண் வந்தாள். நாகர்கோவில் பக்கம்; டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாளாம். நிலைத்தன்மைக்கு டிஜிட்டல் தொழில்நுட்பத்தின் பங்களிப்பை உற்பத்தியாளர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது தலைப்பு. ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை சொல்ல வேண்டும்.

“மனசுல பட்டதை அப்படியே சொல்லுங்க சார். டிஜிட்டல் தொழில்நுட்பம் சுற்றுச்சூழலைக் காக்க உதவுது. ஏத்துக்கிடுதீங்களா?”

“சோலைராஜ் என்ன சொன்னாரு?”

“அதைச் சொல்லக் கூடாது சார்.”

“அப்ப அஞ்சு போடுங்க.”

“எரிசக்தி வீணாவதைக் குறைக்குது?”

“அஞ்சு.”

“லாபத்தைக் கூட்டுது?”

திருப்பதி கொஞ்சம் யோசித்தார். பேனலுக்கும் டிரையருக்கும் பேங்கில் வாங்கிய கடன் நினைவுக்கு வந்தது. இந்தப் பெண் கேட்டுவிட்டு எந்த ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுப்பாளோ, எந்த சப்சிடி இதனால் தட்டிப்போகுமோ. “அஞ்சு” என்றார்.

சுஜா பேனாவைக் கீழே வைத்தாள். “சார், கோச்சுக்கிடாதீங்க. நான் பார்த்த அத்தனை முதலாளிகளும் எல்லாத்துக்கும் அஞ்சேதான் சொல்லுதாங்க. இப்படியே கொண்டுபோனா நானே ராத்திரி உக்காந்து ரொப்புனதுன்னு எங்க கைடு சொல்லிருவாரு. எதுக்காவது ஒண்ணுக்கு மூணு குடுங்களேன்.”

திருப்பதிக்கு இரக்கமாகிவிட்டது. தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். எதற்கு மூன்று கொடுத்தால் யாருக்கும் நோகாது என்று தேடி, ‘என் தொழிலாளர்கள் இதைப் புரிந்துகொள்கிறார்கள்’ என்ற இடத்தில் கொடுத்தார். தன்னைப் பற்றிய கேள்வி அதற்கு மேலேயே இருந்தது. அதில் ஐந்து.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. கரிசலில் மழை என்றால் சொல்ல வேண்டியதில்லை. செருப்பில் ஒட்டின மண் வீட்டுக்குள் வரைக்கும் வந்து ஆளை உயரமாக்கிவிடும். ஊரில் எந்தக் களத்திலும் குச்சி காயவில்லை. ஆபீஸ்கள் ஒவ்வொன்றாக வேலையை நிறுத்தின. திருப்பதிக்கோ, கிறிஸ்துமஸுக்கு மெழுகுவத்தி ஏற்ற ஐரோப்பா குச்சிக்குக் காத்திருந்தது.

டிரையரை ஓட்டச் சொன்னார். மேலே பேனல் மழையில் குளித்துக்கொண்டிருந்தது. அதில் ஒரு பொட்டுக் கரண்டு இல்லை. மின்வாரியத்துக் கரண்டில் ஓட்டினார். அது போனபோது ஜெனரேட்டரைப் போட்டு டீசலில் ஓட்டினார். வாங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக அந்த மெஷின் உண்மையாக உழைத்தது. உள்ளே ஈரமாகப் போன குச்சி வெளியே வரும்போது முறித்தால் டப்பென்று ஒடிந்தது. திருப்பதி ஒரு கைப்பிடியை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, மெஷினின் முதுகில் மாட்டைத் தட்டுகிற மாதிரி தட்டிக்கொடுத்தார். கன்டெய்னர் சொன்ன தேதிக்குத் தூத்துக்குடி துறைமுகம் போய்ச் சேர்ந்தது.

திங்கட்கிழமை மார்க் இருபத்திரண்டு. ரத்தச் சிவப்பு.

அன்றைக்கே ஐரோப்பாக் கம்பெனியிலிருந்து இரண்டு மெயில் வந்தது. கொள்முதல் பிரிவு எழுதியிருந்தது: இந்தப் பருவத்தில் சொன்ன தேதிக்குச் சரக்கு அனுப்பிய ஒரே ஆள் நீங்கள்தான், மனமார்ந்த நன்றி, அடுத்த ஆர்டர் இரண்டு மடங்கு. நிலைத்தன்மைப் பிரிவு எழுதியிருந்தது: உங்கள் எரிசக்திப் பயன்பாடு எங்களுக்கு ஆழ்ந்த கவலை தருகிறது, இதே நிலை நீடித்தால் உறவை மறுபரிசீலனை செய்ய நேரும். இரண்டு பிரிவும் ஒரே கட்டடத்தில்தான் இருக்கின்றன என்பது கீழே இருந்த விலாசத்தில் தெரிந்தது.

“இந்த டிரையரை வாங்கச் சொன்னதே நீங்கதான தம்பி?” என்று போனில் கேட்டார் திருப்பதி.

“வாங்குனதுக்கு மார்க் உண்டு அண்ணாச்சி” என்றான் எட்வர்ட். “ஓட்டுனதுக்குத்தான் கிடையாது.”

மழை வெறித்ததும் சங்கத்தில் பசுமை விழா வைத்தார்கள். சுஜாவை மேடைக்கு அழைத்திருந்தார்கள். டிஜிட்டல் தொழில்நுட்பம் நிலைத்தன்மைக்கு உதவுகிறது என்பதை இந்த வட்டாரத்து உற்பத்தியாளர்கள் கிட்டத்தட்ட ஒரே குரலில், மிக உறுதியாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்று அவள் படித்தாள். தொழிலாளர்களின் புரிதல்தான் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறது என்றும் சொன்னாள். முதலாளிகள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பாவம், எல்லோரும் மூன்றை அங்கேயேதான் போட்டிருப்பார்கள் போலிருக்கிறது என்று திருப்பதி நினைத்துக்கொண்டார்.

‘சிறந்த பசுமை உற்பத்தியாளர்’ விருது சோலைராஜுக்கு, எண்பத்தாறு மார்க். வேட்டி கட்டி வந்திருந்தார். ஆள் மெலிந்திருந்தார். வெற்றியின் ரகசியத்தைச் சொல்லும்படி எட்வர்ட் மைக்கை நீட்டினான். “எல்லாம் உங்க ஆதரவுதான்” என்று ஒரு வரி சொல்லிவிட்டு, கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சோலைராஜ் இறங்கிவிட்டார். சாப்பிடக்கூட இருக்கவில்லை.

‘தொழில் ரகசியத்தை வெளிய விடமாட்டான் பயல்’ என்று திருப்பதிக்கு வயிறு எரிந்தது. மறுநாள் காலையில் காரை எடுத்துக்கொண்டு நேரே இளையரசனேந்தல் ரோட்டுக்குப் போனார், கையும் களவுமாகப் பிடிப்பதற்கு.

சோலைராஜ் ஆபீஸ் கேட் திறந்துகிடந்தது. வாட்ச்மேன் இல்லை. டிரையர் எங்கே, பேனல் எங்கே என்று கண்ணால் துழாவிக்கொண்டே திருப்பதி உள்ளே நடந்தார். பேனலும் இல்லை, டிரையரும் இல்லை. களம் பொட்டலாகக் கிடந்தது. மூன்று ஷெட்டில் இரண்டில் பூட்டு. பூட்டின் மேல் சிலந்தி வலை. மூன்றாவது சும்மா சாத்தியிருந்தது. அதன் சுவரில் பசுமைக்கண் கருவி மட்டும் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு உற்சாகமாக இருந்தது.

சோலைராஜ் அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கேடயம் கண்ணாடித்தாள் பிரிக்காமல் மேசை மேல் இருந்தது.

“வாலே” என்றார். “காப்பி வாங்கியாரச் சொல்லலாம்னா ஆளு இல்ல.”

“இன்னைக்கு லீவா?”

“இன்னைக்கு மட்டுமா, முக்காவாசி நாளு லீவுதான்.”

திருப்பதி உட்கார்ந்தார். “ஆளு எங்கலே? ஷெட்டு என்ன பூட்டிக் கெடக்கு?”

“சித்திரையிலயே ஒண்ணைப் பூட்டிட்டேன், அப்புறம் அடுத்ததை. வடக்க முழுக்க லைட்டரு வந்துட்டுல்லா. வருஷக்கணக்கா சரக்கு எடுத்தவன் போனைக்கூட எடுக்க மாட்டேங்கான். ஒரு ஷெட்டு மட்டும் வாரத்துல ரெண்டு நாளு ஓடுது, அதுவும் பழகுன ஆளுகளை விட மனசில்லாம.”

“அப்ப எண்பத்தாறு?”

சோலைராஜ் சிரித்தார். “ஓடுத ஆபீஸுக்குத்தானலே கரண்டு வேணும்? ஒரு ஷெட்டைப் பூட்டுனேன், பில்லு குறைஞ்சுது, எழுபத்தெட்டுன்னான். ரெண்டாவதையும் பூட்டுனேன், எண்பத்தொண்ணுன்னான். ஆர்டர் குறையக் குறைய மார்க்கு ஏறுது. மூணாவதையும் பூட்டிட்டா நூத்துக்கு நூறு வாங்கிருவேன்.”

திருப்பதிக்கு, வாராவாரம் பல்லைக் கடித்துக்கொண்டு தான் போட்ட கைதட்டல்கள் ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தன. இந்த மனுஷன் முங்க முங்க, கரையில் நின்று எல்லோருமாகச் சேர்ந்து வாழ்த்துச் சொல்லியிருக்கிறோம்.

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா சோலை?”

“எப்படிலே சொல்ல? ஊரே கைதட்டுது. எங்க சம்பந்திவீட்ல அந்தப் பட்டியலை எடுத்துச் சொந்தக்காரங்களுக்கெல்லாம் அனுப்பியிருக்காவ. அவிய கிட்டப் போயி, இது மார்க்கு இல்ல, நான் நொடிஞ்சுபோன கணக்குன்னா சொல்ல முடியும்? நேத்து மைக்கைக் குடுத்தப்ப வாய் வரைக்கும் வந்துட்டு. மாலை வேற போட்டிருந்தானுவ.”

திருப்பதி கேடயத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். நல்ல கனமான கேடயம். பிளாஸ்டிக்.

திருப்பதி எழுந்து வாசலுக்கு வந்து களத்தைப் பார்த்தார். மழையில் கழுவிவிட்ட தளத்தில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. தன் களத்தில் இப்படி வெயில் பார்த்து எத்தனையோ மாதம் ஆகிவிட்டது.

“ஐரோப்பாக்காரன் ரெண்டு மடங்கு கேக்கான். என் டிரையருக்கு அவ்வளவு கொள்ளாது, கொண்டாலும் கரண்டு கட்டி முடியாது. பாதியை நீ செய்யி. குச்சியை இங்கன காயப்போடு, இங்கனயே முக்கு, இங்கனயே பெட்டி போடு. தரம் மட்டும் நான் வந்து பாத்துக்கிடுதேன்.”

சோலைராஜ் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். “பாவம்னு குடுக்கியாலே?”

“உனக்குப் பாவம் பாத்து நான் எப்பலே குடுத்திருக்கேன்? பரீட்சையில கூடக் காமிச்சது கிடையாது. களம் சும்மா கெடக்கு, எனக்குக் களம் வேணும்.”

“இந்த வெயிலுக்கு மார்க் கிடையாதுலே.”

“குச்சி காயும்லா?”

தை மாதம் இரண்டு பூட்டையும் திறந்தார்கள். துரு ஏறி, ஒன்றை உடைக்க வேண்டியிருந்தது. சோலைராஜ் வீடு வீடாகப் போய்ப் பழைய ஆட்களைக் கூப்பிட்டார். நூறு நாள் வேலைக்கும் பஜாரில் ஜவுளிக்கடைக்கும் போய்விட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் திரும்பி வந்தார்கள். எட்டயபுரம் ரோட்டுக் களத்தில் பேனலைப் பிரிக்கவில்லை. பிரித்தால் சோற்றை எங்கே வைத்துச் சாப்பிடுவது என்று முத்துசெல்வி கேட்டதுதான் காரணம். பேங்குக் கடன் இன்னும் தீராதது இரண்டாவது காரணம்.

பங்குனியில் எட்வர்ட் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசினான். அவன் முகத்தில் கவலை தெரிந்தது. விருது வாங்கிய கம்பெனி இப்படி விழுந்துகொண்டே போனால் பெங்களூரில் கேட்கிறார்கள் என்றான். ஒரு ஷெட்டையாவது கொஞ்ச நாளைக்கு மூடிவைக்க முடியுமா என்றான். இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, அதை விட்டுவிட்டான்.

“சரி, நேர்மையா ஒரு வழி இருக்கு அண்ணாச்சி. உற்பத்தி எவ்வளவுன்னு அந்த ஒரு கட்டத்துல போட்டுட்டீங்கன்னா, ஒரு பண்டலுக்கு எவ்வளவு கரண்டுன்னு வகுத்துப் பாக்கும். பேனல்ல ஓட்டுததுக்கும் வெயில்ல காயப்போடுததுக்கும் உங்க ரெண்டு பேருக்குமே தொண்ணூறு வந்துரும். உண்மையான தொண்ணூறு.”

ஜிஎஸ்டி ஆபீஸ் இருவர் நினைவுக்கும் வந்தது. திருப்பதி சோலைராஜைப் பார்த்தார். சோலைராஜ் திருப்பதியைப் பார்த்தார்.

“செவப்பே இருந்துட்டுப் போகட்டும் தம்பி” என்றார் திருப்பதி.

“செவப்பும் ராசியான நெறந்தான்” என்றார் சோலைராஜ்.

ஐரோப்பாவின் நிலைத்தன்மைப் பிரிவுக்கு எட்வர்டே நீளமாக ஒரு விளக்கம் எழுதி அனுப்பினான். அதற்கு நன்றி என்று பதில் வந்தது. அதற்கு முன்னாலேயே கொள்முதல் பிரிவிலிருந்து அடுத்த ஆர்டர் வந்துவிட்டிருந்தது.

சித்திரையில் ஒரு திங்கட்கிழமை சோலைராஜுக்கு இருபத்தொன்பது விழுந்தது. குழுவில் ஒருவரும் கைதட்டல் போடவில்லை. அன்று சாயங்காலம் அவர் கடம்பூர் போளி இரண்டு அட்டைப்பெட்டி நிறைய வாங்கிக்கொண்டு, திருப்பதியையும் கூட்டிக்கொண்டு சங்க ஆபீஸுக்குப் போனார். மாதக் கூட்டத்துக்காக எல்லோரும் வந்திருந்தார்கள்.

“என்ன விசேஷம் சோலைராஜ், பேரன் கீரன் பொறந்திருக்கானா?” என்று போளியைக் கையில் வாங்கிக்கொண்டே கேட்டார் தலைவர் ஜெயபாண்டி.

“இல்ல அண்ணாச்சி. மார்க்கு விழுந்துட்டுல்லா, அதுக்குத்தான். மூணு ஷெட்டும் ஓடுது.”

கொஞ்சம் சிரிப்பு எழுந்தது. பிறகு, ஒவ்வொருவராகப் புரிந்துகொள்ள, அடங்கியது. ஜெயபாண்டி சிரிக்கவில்லை. போளியைப் பிட்டார், வாயில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். மேடையேறினால் இறங்கத் தெரியாத மனுஷன். இப்போது குரல் தாழ்ந்து வந்தது.

“எனக்குப் போன மாசம் அறுபதுய்யா. போன வாரம் எழுபது. இன்னைக்கு எழுபத்தாறு.”

வழக்கம்போல ஓர் இளைஞர் கைதட்டப் போனார். பக்கத்திலிருந்தவர் அவர் கையைப் பிடித்து இறக்கினார். திருப்பதி நாற்காலியை இழுத்துத் தலைவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

“எத்தனை ஷெட்டு அண்ணாச்சி பூட்டியிருக்கீய?” என்று கேட்டார்.